தவேயூனித் தீவில் ஒரு கடலோரக் காட்டு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஜி நாட்டின் தவேயூனித் தீவில் லவேனா என்றொரு கிராமம். அங்கிருந்து கடலை ஒட்டியே காட்டுக்குள் போகிறது ஒரு பாதை. ஆக்லாந்திலிருந்து நண்பர்கள், குடும்பத்தார் என்று 11 பேர் போய், ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட அதில் நடந்துவிட்டு வந்தோம். படங்களைப் பகிர்ந்த நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி விரல் ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

இந்தத் தீவு எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

பிஜியில் முந்நூற்றுக்கும் அதிகமான தீவுகள் உண்டு. அவற்றில் மூன்றாவது பெரியது தவேயூனி, சுமார் 435 சதுர கிலோமீட்டர். எரிமலை கக்கிய மண் என்பதால் எதை நட்டாலும் விளைகிறது. தோட்டத் தீவு என்றே அதற்குப் பட்டப்பெயர். ஆக்லாந்திலிருந்து பிஜியின் நாந்தி விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து சின்ன விமானத்தில் தீவின் வடமுனையில் இருக்கும் மதேய்க்குப் போகலாம். பையின் எடையைக் கறாராகப் பார்ப்பார்கள். தலைநகர் சுவாவிலிருந்து கப்பலும் உண்டு, பொறுமை உள்ளவர்களுக்கு.

மதேயிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே போனால் சாலை முடிகிற ஊர் லவேனா. அதற்கு அப்பால் கால்நடைதான், இல்லையென்றால் படகு.

180 பாகை தீர்க்கரேகை இந்தத் தீவின் குறுக்கேதான் போகிறது. வையேவோ அருகே அதற்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் போல நாங்களும் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்று நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கூடாது என்றிருந்த காலத்தில், கோட்டின் மேலேயே கடை கட்டியிருந்த ஒருவர் ஞாயிறு இருக்கும் பக்கத்து வாசலைச் சாத்திவிட்டு மறுபக்கத்து வாசலைத் திறந்துவைத்தாராம். கதையோ நிஜமோ, அண்ணாச்சி மூளை. இப்போது அந்தச் சாமர்த்தியம் செல்லாது. பிஜி முழுவதற்கும் ஒரே தேதிதான்.

எவ்வளவு தூரம்? கஷ்டமா?

ஒரு வழிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று சொல்வார்கள். அது நிற்காமல் நடப்பவர்களின் கணக்கு. குளியல், சாப்பாடு, படம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது.

முதல் பாதி சமதளம். ஒரு பக்கம் தென்னை, வாழை, சேம்புத் தோட்டம். இன்னொரு பக்கம் கடல். கருத்த எரிமலைப் பாறைகளின் அடியை அலை அரித்து அரித்து, காம்பின் மேல் நிற்கும் காளான் போல ஆக்கியிருக்கிறது. சில பாறைகளின் தலையில் செடி முளைத்திருக்கும். நடுவில் நம்பா என்ற சின்னக் குடியிருப்பு வரும். துணி காயும், கோழி மேயும், யாராவது வாசலில் உட்கார்ந்து தாழை ஓலையைக் கத்தியின் முதுகால் வழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஓலைக்கு அங்கே வோய்வோய் என்று பெயர், பாய் முடைவதற்கு. நம் ஊர் தாழம்பாய் பார்த்தவர்களுக்கு அந்த வாசனையே போதும்.

பிறகு ஒரு தொங்குபாலம். அதைத் தாண்டியதும் பாதை கடலை விட்டு விலகி ஓர் ஆற்றைப் பிடித்து மேலே ஏறுகிறது. மேடு பள்ளம், வழுக்கு, வேர். கடைசியில் வைனிம்பாவு அருவி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பாதை தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு வழிகாட்டி எதற்கு?

அதிகம் வந்த கேள்வி இதுதான். கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தனியாக நடப்பவர்களும் உண்டு, வழி தவறவும் மாட்டீர்கள். ஆனாலும் வழிகாட்டியோடு போங்கள் என்பேன்.

பிஜியில் கிட்டத்தட்ட 87 சதவீத நிலம் இதௌகேய் எனப்படும் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தம். ஆளாளுக்குப் பட்டா கிடையாது. மதங்கலி என்ற குலக்குழுவுக்கு மொத்தமாகச் சொந்தம், விற்கவும் முடியாது. நீங்கள் கால் வைக்கும் ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவரின் பாட்டன் சொத்து. இங்கே யார் ஈவி மரத்துக் கொட்டை பொறுக்கலாம், எந்த இடத்தில் மீன் பிடிக்கக் கூடாது, எந்த மேட்டில் பழைய ஊர் இருந்தது என்பதெல்லாம் உள்ளூர் ஆளோடு போனால்தான் தெரியவரும். வனுவா என்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. மண், அந்த மண்ணின் மக்கள், அவர்களின் வழக்கம் மூன்றையும் சேர்த்துச் சொல்வது. தமிழில் ‘ஊர்’ என்பதில் அதில் பாதி வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. ‘ஊர் கூடி முடிவு பண்ணியாச்சு’ என்று சொல்கிறோமே, அந்த ஊர்.

இன்னொன்று. இந்தக் காடு இன்று நிற்பதற்கே காரணம் ஊர் எடுத்த ஒரு முடிவு. 1980களில் இந்தப் பக்கத்து மரங்களை வெட்டிக்கொள்ளக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கையில் பணம் கிடைத்திருக்கும். போவுமா வட்டாரத்து மக்கள் வெட்ட விடவில்லை. காட்டை வைத்துக்கொண்டே பிழைக்க வழி தேடி, நியூசிலாந்து அரசின் உதவியோடு 1990 வாக்கில் போவுமா தேசிய மரபுப் பூங்காவைத் தொடங்கினார்கள். நான்கு கிராமங்கள், நான்கு வேலைகள்: லவேனாவுக்குக் கடலோர நடை, கோரோவோவுக்கு தவோரோ அருவிகள், விந்தவாவுக்கு மழைக்காட்டு நடை, வைதம்புவுக்குக் கடல் காப்பகம். வைதம்புவில் 1998 முதல் பவளப்பாறையின் ஒரு பகுதியில் மீன்பிடிக்கவே தடை போட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே முகமூடி மாட்டி நீந்தினால் பெரிய பெரிய மீன்கள் பயமில்லாமல் பக்கத்தில் வரும். விந்தவா நடை ஒரு முழு நாள், அதற்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள்.

நீங்கள் தரும் கட்டணம் ஊருக்குத்தான் போகிறது. வழிகாட்டிக்கும் அன்றைய கூலி கிடைக்கிறது. எங்களுக்கு வந்த தம்பிக்கு 23 வயது. நிறையப் பேசவில்லை. ஆனால் மழை எப்போது வரும் என்று சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தது.

குழுவாக நடக்கும்போது என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

முன்னால் வழிகாட்டி, கடைசியில் நம்மில் ஒருவர். இடையில் யார் எங்கே நடந்தாலும் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. எங்கள் குழுவில் படம் எடுப்பவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் மேய்ப்பதற்கே ஒரு கடைசி ஆள் தேவைப்பட்டது.

செவுசெவு என்று ஏதோ சடங்கு இருக்கிறதாமே?

ஊருக்குள் விருந்தாளியாகப் போகிறவர் தலைவரின் முன்னால் யங்கோனா வேரை வைத்து அனுமதி கேட்பதுதான் செவுசெவு. கட்டணம் கட்டி நடந்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. ஊரில் தங்கினாலோ, ஒருவர் வீட்டுக்குப் போனாலோ செய்வதுதான் மரியாதை. நாங்கள் இரண்டு இரவு தங்கினோம், அதனால் செய்தோம்.

யங்கோனா என்பது வெளியுலகில் காவா என்று அறியப்படும் செடி. மிளகு, வெற்றிலைக் குடும்பம். தவேயூனியிலேயே இருக்கும் நங்கரா என்ற ஊரின் கடைத்தெருவில் காய்ந்த வேரைக் கட்டாகச் செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். அரைக் கிலோ வாங்கினால் கௌரவமாக இருக்கும். அதை நீங்களே நேராகத் தலைவரிடம் நீட்டக் கூடாது. துராங்கா நி கோரோ எனப்படும் ஊர் நிர்வாகி அழைத்துப் போவார், உங்களுக்காக ஒருவர் பேசுவார். பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். வெள்ளைக்காரர்கள் முட்டி வலியில் நெளிந்துகொண்டிருக்க, எங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்வது போல உட்கார்ந்துவிட்டார்கள். தனோவா என்ற மரக் கிண்ணத்தின் பக்கம் காலை நீட்டக் கூடாது.

வேர்ப்பொடியைத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டி, தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். ஒரு தடவை கை தட்டி, ‘ம்புலா’ சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தடவை தட்ட வேண்டும். கை தட்டுவது என்றால் சபையில் தட்டுவது போல இல்லை. உள்ளங்கைகளைக் குவித்து, ஆழமான சத்தம் வரத் தட்டுவது. ருசியா? சேற்றுத் தண்ணீரில் மிளகைக் கழுவினால் வருமே, அதுதான். நாக்கு மரத்துப்போகும். மதுபானம் போல ஆட்டம் வராது. பேச்சு மெதுவாகும், அப்புறம் தூக்கம் நன்றாக வரும். எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ‘லோ டைட்’ என்று சொல்லுங்கள், கால் சிரட்டை ஊற்றுவார்கள். ‘ஹை டைட்’ என்றால் விளிம்பு வரை. என் மைத்துனர் விஷயம் தெரியாமல் ‘சுனாமி’ என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை நடைக்குக் கடைசி ஆளாக வந்தார்.

என்ன உடுத்துவது?

காட்டில் எதுவும் சரி. ஊருக்குள் நுழையும்போது தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். பையில் ஒரு சுலு வைத்துக்கொள்ளுங்கள். நம் கைலிதான் அது, கட்டும் முறைகூட ஏறக்குறைய ஒன்றே. தொப்பியும் கூலிங்கிளாஸும் ஊருக்குள் கூடாது. தலையில் எதையும் வைத்திருப்பது தலைவரை மதிக்காததாகப் படும். பிள்ளைகளின் தலையைச் செல்லமாகத் தடவுவதும் வேண்டாம். நமக்கு இது கை பழகிப்போன பழக்கம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். செருப்பை வாசலிலேயே விட வேண்டும், அதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லையே?

எழுத்தைப் பார்த்தால் நுழையாது, தமிழில் எழுதினால் நுழைந்துவிடும். பிஜி மொழியை ரோமன் எழுத்தில் எழுதிய பாதிரிமார்கள் ஒரு வேலை செய்துவைத்தார்கள். ‘பி’ என்று எழுதியிருந்தால் ‘ம்ப’. ‘டி’ என்றால் ‘ந்த’. ‘கியூ’ என்றால் ‘ங்க’. ‘சி’ என்றால் ஆங்கிலத்தில் ‘திஸ்’ என்பதில் வரும் ‘த’. அதனால்தான் பலகையில் ‘நாடி’ என்று இருப்பது வாயில் ‘நாந்தி’. விடைபெறும்போது சொல்லும் சொல் பார்வைக்கு ‘மோசே’, காதுக்கு ‘மோதே’. கம்பு, பந்து, சங்கு என்று மெல்லினத்துக்குப் பின் வல்லினத்தை அழுத்தாமல் சொல்லிப் பழகிய நமக்கு இது தண்ணி பட்ட பாடு. வழிகாட்டித் தம்பியே இரண்டாம் நாள் என் அத்தையின் உச்சரிப்பைப் பாராட்டினார். அத்தைக்கு ரோமன் எழுத்துப் பலகையைப் படிக்க வராது, காதால் கேட்டதை அப்படியே சொன்னார்.

பாம்பு, பூச்சி?

நிலத்தில் பயப்படும்படி எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கடற்கரைப் பாறையில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட கடல் பாம்பு கரையேறிக் கிடக்கலாம். கடும் விஷம், ஆனால் சாது. தொடாமல் சுற்றிப் போய்விடுங்கள். உண்மையான தொல்லை கொசு. பிஜியில் மலேரியா இல்லை, டெங்கு இருக்கிறது. பகலிலேயே கடிக்கும் கொசு என்பதால் காலையிலேயே மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

பறவை பார்க்கலாமா?

பார்க்கலாம். அதற்குப் பின்னால் நம்மையும் தொட்டுக்கொண்டு போகும் ஒரு கதை இருக்கிறது. பிஜியின் கரும்புக் காடுகளில் எலியை ஒழிக்க 1883-ல் கீரியைக் கொண்டுவந்து விட்டார்கள், இந்தியக் கீரி. அது எலியோடு நிற்குமா? தரையில் கூடு கட்டும் பறவைகளையும் முட்டைகளையும் தின்று தீர்த்தது. பெரிய தீவுகளான விதி லெவு, வனுவா லெவு இரண்டிலும் அதுதான் கதை. தவேயூனிக்குக் கீரி வந்து சேரவில்லை. அதனால் இங்கே தரைப் பறவைகள் இன்னும் தாராளமாக உலவுகின்றன.

காட்டின் மேல்பகுதிக்குப் போனால் ஆரஞ்சுப் புறா கிடைக்கலாம். ஆண் பறவை நெருப்புத் துண்டு மாதிரி இருக்கும், தலை மட்டும் பச்சை. கடலோர நடையில் அதைப் பார்த்தால் உங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் பார்க்கவில்லை. சிவப்பும் பச்சையுமான கிளிகள் மட்டும் தென்னை உச்சியில் நாள் முழுக்க சண்டை போட்டன. தங்கிமவுதியா என்ற சிவப்பு வெள்ளைப் பூவைத் தேடி வருகிறவர்களும் உண்டு. பிஜியின் 50 டாலர் நோட்டில் இருக்கும் பூ அது. மலை உச்சிப் பக்கம்தான் பூக்கும், இந்த நடையில் கிடையாது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு?

கஷ்டமில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டால். முக்கிய உணவு ந்தாலோ. நம் சேப்பங்கிழங்கின் அதே இனம்தான், அளவு மட்டும் பருத்த தேங்காய் அளவு. அவித்து வெட்டித் துண்டாக வைப்பார்கள். அதன் இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்தால் ரோரோ. இலை சரியாக வேகவில்லை என்றால் தொண்டை அரிக்கும், சேப்பிலை சமைத்தவர்களுக்குத் தெரியும். மரவள்ளி, பலாக்காய் மாதிரி இருக்கும் சீமைப்பலா, பப்பாளி எல்லாம் உண்டு. ஆனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் டின் மீன் போட்ட ரோரோ வரும். மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

அசைவக்காரர்களுக்கு கோகோந்தா: பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் சேர்ப்பது. மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

எந்த மாதம் நல்லது? மழை பெய்யுமா?

மே முதல் அக்டோபர் வரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், புயலும் அப்போதுதான். 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் பிஜியைப் புரட்டிப் போட்டது. 44 பேர் இறந்தார்கள்.

நல்ல மாதத்தில் போனாலும் நனைவீர்கள். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து நடு மலையில் மோதுகிறது. மலையின் உயரம் 1,200 மீட்டருக்கும் மேல். லவேனா மோதுகிற பக்கத்தில் இருக்கிறது. குடையை மறந்துவிடுங்கள். ஃபோனுக்கு மட்டும் ஜிப் பை வையுங்கள்.

இருட்டும் சீக்கிரம் வரும். ஜூனில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், அதன்பின் அரைமணிகூட வெளிச்சம் நிற்காது. காலை ஒன்பதுக்குள் நடையைத் தொடங்குங்கள்.

அருவியைப் பார்க்க நீந்த வேண்டுமாமே?

ஆமாம். பாதை ஒரு குட்டையில் முடிகிறது. இரண்டு பக்கமும் பாசி பிடித்த பாறைச் சுவர், நடுவில் குறுகலான நீர்வழி. சத்தம் கேட்கும், அருவி தெரியாது. அந்த இடுக்கில் கொஞ்ச தூரம் நீந்திப் போனால்தான் இரண்டு அருவிகள் ஒரே மடுவில் விழுவது தெரியும். தண்ணீர் சில்லென்று இருக்கும். எங்களில் ஐந்து பேர் நீந்தினோம், மற்றவர்கள் பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். திரும்பி வந்தபோது எங்கள் பங்கில் பாதி இல்லை.

மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகிவிடும். தண்ணீரின் நிறம் மாறினால் வழிகாட்டி வேண்டாம் என்பார். அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது. வெள்ளம் வடிந்த நாட்களில் காலில் காயத்தோடு ஆற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பிஜியில் உள்ளதுதான்.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

தொங்குபாலம் வரை யாரும் வரலாம். 66 வயது அத்தை நம்பா வரை வந்து, அங்கே ஓலை வழித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அருவி பார்த்துத் திரும்பியபோது இருவரும் பொது மொழி ஒன்றுமில்லாமல் அரைப் பாய் முடைந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கலாமா?

திட்டமிட வேண்டாம். அன்று தேவாலயம், குடும்பம், ஓய்வு. பஸ்ஸையும் நம்ப முடியாது. லாலி என்ற மரப்பறையின் ஓசை கேட்டால் கோயிலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம், நீங்களும் போகலாம். நான்கு குரலில் அவர்கள் பாடுவதைக் கேட்கவே போகலாம். மற்ற நாட்களிலும் வண்டியை இரண்டு தடவை உறுதி செய்யுங்கள். நாங்கள் முன்பணம் கொடுத்திருந்த வேன் வரவே இல்லை. சேம்பு மூட்டை ஏற்றிப் போன லாரியின் பின்னால் உட்கார்ந்துதான் மதேய் வந்தோம்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

பிஜியில் இருக்கிறார்கள். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் வந்தார்கள். 1926-ல் தொடங்கிய தென்னிந்தியர்களின் சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. நாந்தியில் அழகான முருகன் கோயில் இருக்கிறது. வீட்டுமொழி பெரும்பாலும் ‘பிஜி இந்தி’ ஆகிவிட்டது. நங்கராவில் யங்கோனா வாங்கிய கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, தன் பாட்டி சொல்வார் என்று ‘வா, சாப்பிடு’ என்றார். வேறு சொற்கள் அவருக்குத் தெரியவில்லை. வேர்க்கட்டில் கூடுதலாக ஒரு கைப்பிடி வைத்தார்.

பிள்ளைகளுக்கு மிட்டாய், பென்சில் கொண்டுபோகலாமா?

கையில் நேரடியாகக் கொடுக்க வேண்டாம். அடுத்த குழு வரும்போது பிள்ளைகள் கை நீட்டி நிற்பார்கள். நோட்டு, பென்சில் இருந்தால் ஊர் நிர்வாகியிடம் தாருங்கள், பள்ளிக்குப் போய்ச் சேரும்.

எந்த ஷூ?

நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய ஷூ, அடியில் நல்ல பிடிப்போடு. வழுவழுப்பான பாறையில் புது ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட இரண்டு பேர் விழுந்தார்கள். போகும்போதும் வரும்போதும் விமான நிலையத்தில் மண் ஒட்டிய ஷூவைக் காட்டச் சொல்வார்கள், நியூசிலாந்தில் ரொம்பவே கறார். கிளம்பும் முந்தைய இரவு 11 ஜோடி ஷூக்களையும் குழாயடியில் வரிசையாக வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். ஒரு பிரஷ்தான் இருந்தது. அதனால் கையோடு இரண்டு மூன்று கொண்டுபோங்கள்.